குறியீடு 99

திணைக்களம் தந்த ரப் திரையில்
உலகம் பதினொரு பிராந்தியம்.
விரல் வைத்தால் விரியும், எடுத்தால் மூடும்.
"வெளியேறியோர்" என்ற கேள்விக்கு
ஆளுக்கு ஒரு குறியீடுதான் எடுக்கும்.
இரண்டு அமத்தினால் சிவப்பாய் மறிக்கும்.

புதுக்குடியிருப்பு, ஏழாம் வட்டாரம்.
தவக்கொழுந்தின் மூத்தவன் பரிசில்.
எப்படிப் போனான் என்று படிவம் கேளாது.
அவவாகவே சொன்னா:
கொழும்பு, மொஸ்கோ, பிறகு ஒரு காடு.
"காட்டின்ர பேர் தெரியாது பிள்ளை,
மூண்டு மாதம் போன் இல்லை."
நான் 04 அமத்தினேன். மேற்கு ஐரோப்பா.
காடு எந்தப் பட்டியலிலும் இல்லை.

விசுவமடு, றெட்பானா.
எழுபத்தேழில் இரத்தினபுரித் தோட்டத்திலிருந்து
உடுத்த உடுப்போடு லொறியில் வந்தவர்கள்.
பேச்சிமுத்துவின் மகள் குவைத்தில், ஆறு வருஷம்.
திரை அதை மேற்கு ஆசியா என்கிறது.
"எங்க பூட்டன் ராமநாதபுரத்துலருந்து
கப்பல்ல வந்தாரு, அதையும் போட்டுக்கங்க."
கடைசிப் பத்து வருஷம் மட்டும்தான் ஐயா, என்றேன்.
"அப்ப நாங்க ரொம்ப நாளா
ஒரே எடத்துலதான் இருக்கோம்னு எழுதுங்க."
சிரித்துக்கொண்டே கதிரையை நிழலுக்கு இழுத்தார்.

மூங்கிலாற்றில் ஒரு மாடிவீடு.
மதிலும் கேற்றும் ஸ்காபரோக் காசு.
குடியிருப்பவர்: ஒரு நாய்.
அதற்குச் சோறு வைக்க வரும் பெடியனுக்கும்
ஏஜென்சிக்குக் கட்டிய காசு பாதியில் நிற்கிறது.

வள்ளிபுனத்தில்,
கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்த பிள்ளை.
பதினேழு வயது. பெயர் யாழ்விழி.
"திரும்பி வந்தோர்" என்று போடவா?
"இதுக்கு முன்னாடி நான் இங்க
வந்ததே இல்லையேக்கா."
போட்டேன். வேறு கட்டம் இல்லை.

அளம்பிலில் அருள்நேசன் வீடு சுலபம்.
பத்தொன்பது நாள் கடலில், கொக்கோஸ் தீவு மட்டும்.
ஒரு கிழமை கழித்து விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.
போனதும் வந்ததும் கழிந்து
என்ர கணக்கில் அவர் பூச்சியம்.
வலை பொத்திக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

அந்த மார்கழியில்தான், மழை விட்ட ஒரு காலை,
அந்த வீட்டுக்கு நேரே கடலில்
எஞ்சின் செத்த படகொன்று.
கூரை மட்டும் ஆக்கள்.
எங்கட முகமில்லை, சிங்கள முகமுமில்லை.
கரை முழுக்கச் சனம். பாண், பிஸ்கட், வாழைக்குலை,
ஆரோ முழுத் தேங்காய்ச் சாக்கையே தூக்கி வந்திருந்தார்.
வள்ளங்கள் தள்ளினார்கள். நானும் ஏறினேன்.

"ஒருத்தரும் போத்திலைக் குடுக்காதேங்கோ!"
அருள்நேசன் கத்தினதை அன்றுதான் கேட்டேன்.
"மூடியாலை. முதல் மூடியாலை."
நீல மூடியில் வார்த்து வார்த்து நீட்டினார்.
பெரியவர்களும் குஞ்சுகள் மாதிரி வாய் திறந்தார்கள்.

பாஷை இல்லை.
ஒரு பெண்ணிடம் விரலால் கேட்டார், எத்தினை நாள்?
அவள் இரண்டு கையையும் விரித்தாள்,
பிறகும் விரித்தாள்,
பிறகு ஆறு விரலை மடக்கினாள்.
நாங்கள் கழித்துப் பார்த்துக்கொண்டிருக்க
அது நாளில்லை என்று
அவருக்குத்தான் முதலில் விளங்கியது.
மூடியைப் பிடித்த கை கொஞ்சநேரம் அப்படியே நின்றது.

மத்தியானம் கடற்படை வந்து
திருகோணமலைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

பின்னேரம் திரையைத் திறந்தேன்.
வெளியேறியோர் உண்டு. திரும்பி வந்தோர் உண்டு.
வந்தோர் என்று ஒரு கேள்வி கிடையாது.
99, வேறு, என்று ஒன்று கடைசியில் இருந்தது.
அதை அமத்தினால் வீட்டு இலக்கம் கேட்டது.

இரவு மேற்பார்வையாளர் போன் எடுத்தார்.
அளம்பில் ஏன் இன்னும் முடியேல்லை?
ஆக்கள் கூடிப்போச்சு சேர், என்றேன்.
பிழையாய்க் கேட்டிருக்கவேண்டும்.
குறைஞ்சு போச்சோ, எத்தினை பேர்,
என்று திருப்பிக் கேட்டார்.